கிட்டுசாமியும் நூறு சதவீத வளர்ச்சியும்

“வேலை கெடச்சதப் பொண்டாட்டிகிட்டச் சொல்லோணும்னு தோணலையா உங்களுக்கு? மளிகைக் கடைச் செவுத்தப் பாத்துத்தான் நான் தெரிஞ்சுக்கோணுமா?”

“சத்தம் போடாத கண்மணி. எனக்கு எங்க வேலை கெடச்சுது?”

“அப்பறம் அந்தப் போஸ்டர்ல ஈன்னு இளிச்சுட்டு நிக்கறது யாருங்க, உங்க தம்பியா?”

“நாந்தான். ஆனா எனக்கு வேலை இல்லை.”

“கிட்டுசாமி, தர ஆய்வாளர், இவருக்கு வேலை கிடைத்துவிட்டது, உங்களுக்கு எப்போதுன்னு இங்கிலீஷ்ல இத்தனை பெருசா எழுதியிருக்குது. பில் போடற பையன் கங்கிராட்ஸ் ஆன்ட்டிங்கறான். நான் கொத்தமல்லிக் கட்டக் கையில வெச்சுட்டு முழிக்கறேன்!”

டெக்ஸாஸ் மாநிலத்துக் கேட்டி என்ற ஊரில் வீட்டுக்கு வீடு ஆறடி மரவேலி உண்டு. கண்ணுக்குத்தான் அது வேலி. காதுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அன்றைக்குக் கராஜ் கதவு வேறு திறந்திருந்தது. அடுத்த வீட்டு ராஜலக்ஷ்மி ஆன்ட்டி, காலையில் தண்ணீர் விட்ட ரோஜாச் செடிக்கே மறுபடியும் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தச் செடி வேரழுகிப் போனதற்கு டெக்ஸாஸ் வெயிலைக் காரணம் சொன்னார். தெருவில் யாரும் நம்பவில்லை.

இதில் விசேஷம் என்னவென்றால், புருஷன் பெண்டாட்டி இருவரும் சொன்னது உண்மை. கிட்டுசாமிக்கு வேலை கிடைத்துவிட்டது. கிட்டுசாமிக்கு வேலை இல்லை. ஒரு மனிதரை இப்படி இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் நிறுத்திவைக்க வேண்டுமானால் அதற்கென்று ஓர் அலுவலகம், அதற்கொரு டைரக்டர், நான்கு பிரின்டர்கள் எல்லாம் வேண்டும். அவை கேட்டியில் இருந்தன. பெயர், மேற்குப் புல்வெளித் தொழில் முன்னேற்ற மையம்.

கிட்டுசாமி திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷம் செக்கிங்கில் இருந்தவர். கடைசி ஆறு வருஷம் தலைமைச் செக்கர். ஒரு பீஸை எடுத்து உதறி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, திருப்பிப் போடுவதற்குள் அதன் ஜாதகமே அவருக்குத் தெரிந்துவிடும். தையல் விட்டிருக்கிறதா, ஊசி ஓட்டை விழுந்திருக்கிறதா, கழுத்துப் பட்டி முறுக்கியிருக்கிறதா என்று பார்த்து, குற்றம் உள்ள இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். கம்பெனியை விட்டு வரும்போது எல்லோரும் மோதிரம், கடிகாரம் என்று வாங்கிக்கொள்வார்கள். இவர் ஸ்டிக்கர் சுருள் ஒரு டஜன் கேட்டு வாங்கிக்கொண்டு விமானம் ஏறினார்.

அமெரிக்காவிலும் அந்தச் சுருள் அவருடைய சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. பக்கத்து ஊர் சுகர் லேண்டில் சுந்தரராமன் என்ற நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் புது ஜன்னல் திரைக்கு மூன்று அம்புக்குறி ஒட்டிவிட்டு வந்தார். அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து கொலு வெற்றிலை பாக்குக்குக்கூட அழைப்பு வரவில்லை.

கண்மணிக்கு ஓர் எண்ணெய் நிறுவனத்தில் சாஃப்ட்வேர் வேலை. அவள் விசாவில் தொற்றிக்கொண்டு வந்த கிட்டுசாமி பதினோரு வருஷம் டிபெண்டெண்ட், வேலை பார்க்க அனுமதி கிடையாது. சமையல் செய்தார், மகள் வான்மதியைப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டார், துவைத்த துணிகளை மடிக்கும்போது மட்டும் பழைய சந்தோஷத்தோடு மடித்தார். மார்ச் மாதம் கிரீன் கார்டு வந்தது. அன்றைக்கே கண்மணியின் ஆபீஸிலிருந்து ஒரு மெயிலும் வந்தது. அவளுடைய பிரிவு வேறு மாநிலத்தில் இருக்கும் மில்பிடாஸுக்குப் போகிறது, செப்டம்பர் ஒன்றுக்குள் அங்கே வந்து சேர வேண்டும், விருப்பமில்லாதவர்கள் வேலையை விட்டு நின்றுகொள்ளலாம்.

“இங்கயே எனக்கு ஒரு செக்கிங் வேலை கெடச்சுட்டா நாம போவேண்டாமல்ல?” என்று கிட்டுசாமி கேட்டார்.

“கெடைக்கட்டும் மாமா. ஆகஸ்ட் முடியறதுக்குள்ள உங்களுக்கு ஒண்ணு அமைஞ்சுதுன்னா நான் ராஜினாமா எழுதிக் குடுத்துப்போட்டு இங்கயே வேற பாத்துக்கறேன்” என்றாள் கண்மணி. “இல்லீன்னா பேசாம என்ற பின்னாடி வந்துருங்க.”

பின்னாடி என்ற வார்த்தைதான் கிட்டுசாமிக்கு உறுத்தியது. பதினோரு வருஷம் பின்னாடியே வந்தாயிற்று. இன்னொரு முறை, இன்னொரு ஊருக்கு, அதே மாதிரி பெட்டிகளோடு பெட்டியாக. மறுநாளே மையத்துக்குப் போனார்.

அங்கே அவருக்கு வாய்த்த ஆலோசகர் விசாலாக்ஷி. மயிலாப்பூரிலிருந்து வந்தவர், நாற்பது வயதிருக்கும், மனதில் கள்ளங்கபடம் இல்லாதவர். கம்ப்யூட்டர் என்ன சொல்கிறதோ அதையே சொல்வார்.

“துணி மற்றும் தோல் உற்பத்தி, தர ஆய்வாளர். இருக்கு சார்! லிஸ்ட்லயே இருக்கு!” என்றார் சந்தோஷமாக. “இந்தக் கவுன்ட்டில, அதாவது நம்ம மாவட்டத்துல, இப்போ வேலை பண்றவா எண்ணிக்கை, ஜீரோ. காலி இடம், ஜீரோ. அடுத்த பத்து வருஷத்துல வளர்ச்சி, ஜீரோ.”

“அப்ப வேலையே இல்லைங்களா?”

“அப்படிச் சொல்லாதீங்கோ. மத்த ஃபீல்டெல்லாம் மைனஸ்ல போயிண்டிருக்கு. உங்களோடது கீழ போறதுக்கு இடமே இல்லை. இதைத்தான் நாங்க ஸ்டெபிலிட்டிங்கறோம்.”

குடோன் வேலை, கடை வேலை எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று கிட்டுசாமி சொல்லிப் பார்த்தார். விசாலாக்ஷி பதறிவிட்டார். பத்தொன்பது வருஷ அனுபவம் உள்ளவரைக் குடோனுக்கு அனுப்பினால் திறமையை வீணடித்ததாக மையத்துக்குக் கறுப்புப் புள்ளி விழுமாம். அனுபவம் உள்ள துறையிலேயே வைத்து, அந்தத் துறையில் வேலை இல்லாமல் பார்த்துக்கொண்டால் புள்ளி விழாதாம்.

“முதல்ல கோர்ஸ் முடிங்கோ. எட்டு வாரம். சர்ட்டிஃபிகேட் இல்லாம சிஸ்டம் உங்களை ஏத்துக்காது.”

கோர்ஸ் நடத்தியவர் அதற்கு முன்னால் ஹோட்டல் வரவேற்பு பற்றிய கோர்ஸ் நடத்தியவர். முதல் வாரம் பொத்தான் என்றால் என்ன என்று விளக்கினார். இரண்டாம் வாரம் பொத்தான் இல்லாத உடைகளும் உண்டு என்றார். துணியை மட்டும் கண்ணில் காட்டவில்லை. திரையில் துணியின் போட்டோ வரும். சரி, தப்பு என்று பட்டனை அமுக்க வேண்டும்.

“தொட்டுப் பாக்காம எப்படிங்க சொல்றது?” என்று கிட்டுசாமி கை தூக்கினார்.

தொடுதல் இரண்டாம் நிலைப் பாடம், அதற்கு இன்னும் நிதி வரவில்லை என்றார் ஆசிரியர்.

பரீட்சையில் நாற்பது படங்கள். மையத்தின் விடைத்தாள்படி இருபத்தெட்டு பீஸ் நல்லவை. கிட்டுசாமி அவற்றில் பதினைந்தில் தையல் இடையில் விட்டுத் தாவியிருப்பதைக் கண்டுபிடித்துத் தப்பு என்று அமுக்கினார். தையல் தாவித்தான் இருந்தது. ஆனால் விடைத்தாளில் தாவவில்லை. அறுபத்திரண்டு மதிப்பெண் வாங்கி, வகுப்பில் கடைசியாக, மயிரிழையில் பாஸானார். அதே வகுப்பில் படித்த ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் நூற்றுக்கு நூறு.

வினை வந்தது பட்டமளிப்பு நாளன்று. விழாவுக்காக மையம் முந்நூறு டீ ஷர்ட் தருவித்திருந்தது. மார்பில் ‘நான் தயார்’ என்று அச்சடித்தவை. காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லிவிட்டு, டைரக்டர் மதியம்தான் வருவார் என்றார்கள். ஹாலின் மூலையில் அட்டைப் பெட்டிகள் பிரித்துக் கிடந்தன. மற்றவர்கள் போனை நோண்டினார்கள். கிட்டுசாமியின் கை சும்மா இருக்குமா? ஒரு பீஸை எடுத்தார், உதறினார், வெளிச்சத்தில் பிடித்தார். அக்குளில் தையல் விட்டிருந்தது. இன்னொன்றை எடுத்தார், லார்ஜ் சட்டைக்கு மீடியம் லேபிள். சட்டைப் பையிலிருந்து சுருள் வெளியே வந்தது.

நாலு மணி நேரத்தில் முந்நூறும் முடிந்தது. நல்லது நாற்பத்தொன்று, ஆல்டர் பண்ண வேண்டியது தொண்ணூறு, மீதி ரிஜெக்ட் என்று மூன்று அடுக்காக, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து வைத்திருந்தார். பதினோரு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை. வியர்த்து நின்றவரிடம் விசாலாக்ஷி ஒரு தாளை நீட்டினார்.

“சார், பீட்ஸா வந்தாச்சு. ரெண்டு ஸ்லைஸ். இங்க ஒரு கையெழுத்து. எத்தனை மணியிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும் இருந்தேள்னு போட்டுடுங்கோ.”

கிட்டுசாமி போட்டார். பசி.

மையத்தின் டைரக்டர் டக்ளஸ் வின்ஃபீல்ட் வந்து அந்தத் தாளைப் பார்த்தார், மூன்று அடுக்கையும் பார்த்தார். கண் கலங்கிவிட்டது என்று விசாலாக்ஷி பிற்பாடு கோவிலில் ராஜலக்ஷ்மியிடம் சொன்னார். இந்தக் கவுன்ட்டியில், ஒரு மனிதர், நேரம் குறித்து, துணி உற்பத்திப் பொருளின் தரத்தை ஆய்வு செய்து, அதற்குப் பலனாக உணவும் பெற்றிருக்கிறார். அப்படியானால் அது வேலை. கம்ப்யூட்டரில் ஜீரோ இருந்த இடத்தில் ஒன்று விழுந்தது. ஜீரோவிலிருந்து ஒன்றுக்கு எத்தனை சதவீத வளர்ச்சி என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடத் திணறி நின்றபோது, டைரக்டரே தன்னடக்கத்தோடு நூறு என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்.

டீ ஷர்ட்டுகளை என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? முந்நூறையும் வினியோகித்தார்கள். அம்புக்குறியோடுதான். டைரக்டருக்கு ரிஜெக்ட் அடுக்கிலிருந்து ஒன்று வாய்த்தது. அதை மாட்டிக்கொண்டு ஒரு கையால் கிட்டுசாமியின் கையைக் குலுக்கி, மறு கையை வெற்றி வீரர்போல் உயர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். அதுதான் போஸ்டர். அக்குளில் ஓட்டையும், ஓட்டையைக் காட்டும் சிவப்பு அம்பும் கடை வாசலிலிருந்தே தெளிவாகத் தெரியும். கீழே பெரிதாக, ‘100% வளர்ச்சி.’

சண்டை நடந்த சனிக்கிழமை சாயங்காலம் கண்மணி சமாதானமாகிவிட்டாள். திங்கட்கிழமை ஒரு நல்ல சேதியும் வந்தது. ஸ்டாஃபோர்ட் பக்கம் கார் சீட்டுக்குத் தோல் தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தவர் எர்னெஸ்டோ. மெக்சிகோக்காரர். தோல் பார்க்கத் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டுக் கிட்டுசாமி போய் நின்றார். பனியன் வேறு, தோல் வேறு என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் மேஜையில் விரித்திருந்த தோலின் மேல் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டினார். நடுவில் நிறுத்தி, ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார். எர்னெஸ்டோ கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். மாடு உயிரோடிருந்தபோது முள்கம்பி கீறிய தழும்பு, நூல் அளவு.

“எப்போது வருகிறாய்?” என்றார் எர்னெஸ்டோ.

ஒரே ஒரு சிக்கல். சின்னப் பட்டறை. வேலையில்லாதவரைச் சேர்த்தால் ஆறு மாதத்துக்குப் பாதிச் சம்பளத்தை மையம் தருமாம். அது இருந்தால்தான் அவருக்குக் கட்டுபடியாகும். வேலையில்லாதவர் என்று மையத்திலிருந்து ஒரு கடிதம் போதும். ஆகஸ்ட் பதினைந்து வரை காத்திருப்பதாகச் சொன்னார்.

அன்றைக்கே கிட்டுசாமி மையத்துக்கு ஓடினார்.

“எனக்கு வேலை இல்லைன்னு ஒரு லெட்டர் குடுத்துப்போடுங்க மேடம். அது இருந்தா எனக்கு வேலை கெடச்சுருமுங்க.”

விசாலாக்ஷி கம்ப்யூட்டரைப் பார்த்தார். “ஆனா நீங்க வேலையில இருக்கேளே சார்.”

“எங்க இருக்கறேன்? ரெண்டு துண்டு பீட்ஸாவுங்க!”

“அது காம்பென்சேஷன், அதாவது சம்பளம்னு இருக்கு. எனக்குப் புரியறது சார், ஆனா சிஸ்டத்துல எம்ப்ளாய்ட்னு விழுந்துடுத்து. நீங்க ரிசைன் பண்ணினா எடுத்துடலாம்.”

“சரி, ரிசைன் பண்றேன். யாருகிட்டக் குடுக்கோணும்?”

“உங்க எம்ப்ளாயர் கிட்ட.”

“அது யாருங்க?”

விசாலாக்ஷி ரொம்ப நேரம் தேடினார். அந்தக் கட்டம் காலியாக இருந்தது. மையம் யாருக்கும் வேலை கொடுக்கும் நிறுவனம் அல்ல. வாங்கித் தரும் நிறுவனம். ஆகவே அவர்கள் எம்ப்ளாயராக இருக்க முடியாது. டீ ஷர்ட் செய்த கம்பெனியோ கடல் கடந்து எங்கேயோ இருந்தது. எம்ப்ளாயர் இல்லாத வேலையை எப்படி விடுவது? அதற்கு ஒரு ஃபார்ம் உண்டு. அந்த ஃபார்மில் எம்ப்ளாயர் கையெழுத்துப் போட வேண்டும்.

கடைசியில் டைரக்டரையே பார்த்துவிடலாம் என்று ஆகஸ்ட் பதினொன்றாம் தேதிக்கு நேரம் வாங்கினார் கிட்டுசாமி. அன்றைக்குப் போனால் அறையில் கேக், பலூன், நாற்பது பேர். அவருக்கே தெரியாமல் அவருக்கு ‘ஆண்டின் சிறந்த பணியாளர்’ பாராட்டு விழா.

டைரக்டர் வின்ஃபீல்ட் பேசினார்: “நண்பர்களே, எங்களைப் பற்றி ஒரு குற்றச்சாட்டு உண்டு. நாங்கள் ஒருவருக்கும் வேலை வாங்கித் தரவில்லை என்கிறார்கள். இன்று அந்தக் குற்றச்சாட்டு பொய்யாகிவிட்டது. ஒருவருக்கு வாங்கித் தந்துவிட்டோம்! இதற்காக நாங்கள் பதினான்கு பேர் உழைத்தோம். இந்தத் துறையில் கிட்டுசாமி ஒருவர்தான் இருக்கிறார். அவருக்கு வழிகாட்ட நாங்கள் பதினான்கு பேர் இருக்கிறோம். ஆக, தர ஆய்வாளர் துறை பதினைந்து பேருக்கு வாழ்வளித்துக்கொண்டிருக்கிறது. எதிர்காலம் பிரகாசமாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள். என்னுடையது பிரகாசமாக இருக்கிறது. அடுத்த மாதம் எனக்கு ஆஸ்டினில், மாநிலத் தலைமை அலுவலகத்தில், பதவி உயர்வு!”

கைதட்டல் அடங்க நேரமானது. மைக் கிட்டுசாமியிடம் வந்தது. அவர் தன் இங்கிலீஷில், ஒரு வார்த்தை பிசகாமல், நிதானமாகச் சொன்னார்: “எனக்கு வேலை இல்லை.”

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். என்ன அடக்கம் என்று முன்வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற பல் டாக்டர் வந்து கட்டிக்கொண்டு, “ரகசியம் என்ன? எனக்கும் சொல்லுங்கள்” என்று காதில் கேட்டார்.

விழா முடிந்து டைரக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, பட்டறை, பதினைந்தாம் தேதி, கடிதம் எல்லாவற்றையும் கிட்டுசாமி சொன்னார். டைரக்டர் பொறுமையாகக் கேட்டார். “உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் உங்களை எடுத்துவிட்டால் இந்தத் துறை நூறு சதவீதம் சரிந்துவிடும். ஒரு துறையையே அழிக்க மனம் வருமா உங்களுக்கு?”

கிட்டுசாமிக்கு வரவில்லை போலிருக்கிறது. வீட்டுக்குக் கிளம்பி வந்துவிட்டார்.

பதினைந்தாம் தேதி எர்னெஸ்டோ போன் செய்து வருத்தப்பட்டார். கேமரா வைத்துத் தோல் பார்க்கும் இயந்திரம் ஒன்று வாங்குவதற்கு மையமே முழு உதவித் தொகை தருகிறதாம். இயந்திரத்துக்கு வேலையில்லை என்ற கடிதம் தேவையில்லை.

அன்றைக்கு மாலை துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார் கிட்டுசாமி. கண்மணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளும் ஒன்றை எடுத்து மடித்தாள். ஓரம் சேரவில்லை. அவர் அதை வாங்கிப் பிரித்து மறுபடி மடித்தார்.

“ஆபீஸுக்கு மெயில் போட்டுரட்டுமா மாமா? மில்பிடாஸ் வர்றோம்னு?”

“போடு.”

“பின்னாடி வரோணும்னு அன்னிக்குச் சொன்னது மனசுல வெச்சுக்காதீங்க.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லை கண்ணு. ரெண்டு காரு இருக்குதல்ல. ஒண்ண நான்தானே ஓட்டோணும்? நான் வேணா முன்னாடி போறேன்.”

வேலியின் அந்தப் பக்கம் ராஜலக்ஷ்மி ஆன்ட்டியிடம் அன்றைக்குத் தண்ணீர் விட ரோஜாச் செடி இல்லை. வெறும் மண்ணுக்கே பைப்பைப் பிடித்தார்.

கிளம்புவதற்கு முதல் நாள், வழிக்கு முறுக்கு வாங்க மளிகைக் கடைக்குப் போன கிட்டுசாமி அந்தப் போஸ்டரின் முன்னால் பத்து நிமிஷம் நின்றாராம். பில் போடும் பையன்தான் சொன்னான். சுருளை எடுத்து ஒரு ஸ்டிக்கரை உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு, போஸ்டரை மேலும் கீழும் பார்த்தாராம். பீஸ் முழுக்கக் குற்றமாக இருந்தால் செக்கர்கள் அம்பு ஒட்டுவதில்லை. அப்படியே ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடுவார்கள். சுவரில் ஒட்டிய போஸ்டரைப் பெட்டியில் போடவும் வழியில்லை. கடைசியில் ‘100%’ என்பதற்குக் கீழே, அம்பு அதைக் காட்டுகிற மாதிரி நேராக ஒட்டிவிட்டு, முறுக்கை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் போஸ்டர் மாற்ற வந்த மையத்துக்காரர்கள் அந்த அம்பைப் பார்த்தார்கள். சிவப்பாக, மேல் நோக்கி, வளர்ச்சியைக் காட்டிக்கொண்டு அழகாக இருந்ததாம். புதுப் போஸ்டர்களில் அதையும் சேர்த்தே அச்சடித்து மாநிலம் முழுக்க ஒட்டிவிட்டார்கள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடலாம். டைரக்டர் ஆஸ்டினுக்குப் போனார். விசாலாக்ஷி தன் தங்கை மகள் கல்யாணத்துக்குச் சென்னைக்குப் போய்த் திரும்பிவந்து, அதே நாற்காலியில் இருக்கிறார். பல் டாக்டர் இரண்டாம் முறையாக அதே கோர்ஸில் சேர்ந்திருக்கிறார். மில்பிடாஸில் இதே மாதிரி ஒரு மையத்துக்கு வேலை தேடிப் போன கிட்டுசாமியிடம், டெக்ஸாஸில் உங்களுக்கு இருக்கும் வேலையை முதலில் முடித்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். கேட்டி மையத்தின் கணக்கில் அவர் இன்னும் ஒருவராக இருக்கிறார்.

அவர்கள் காலி செய்த வீட்டுக்கு வாடகைக்கு வந்திருப்பது சபரி என்ற பையனும் அவன் புதுப் பெண்டாட்டி அனன்யாவும். பொள்ளாச்சியில் கல்யாணம் முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. சபரி கரூரில் திரைச்சீலை எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கராக இருந்துவிட்டு, டாலஸுக்கு வேறு வேலைக்கு வந்தவன். டாலஸில் இருந்த இரண்டு பேரும் அங்கே ஒரு மளிகைக் கடையில் அந்த அம்புக்குறிப் போஸ்டரைப் பார்த்துவிட்டு, இருந்த வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

“இந்த ஊர்ல இந்த ஃபீல்டு நல்லா போகுதாமே ஆன்ட்டி?” என்று வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டான் சபரி.

ராஜலக்ஷ்மி ஆன்ட்டி புதிதாக ஒரு ரோஜாச் செடி வாங்கி வைத்திருக்கிறார்.